குழி ஒன்றுக்கு ஒரு செத்த ஆள்

பதினோரு ரூபாய் நாலணா. மேஸ்திரி ராஜாமணியிடம் மாதப்பன் வாங்கியிருந்த முன்பணம். அது கழிகிறவரை அவனும் பெண்சாதி செல்லியும் நல்லம்பள்ளி ஏரி வேலையை விட்டு நகர முடியாது.

மண் வெட்டுகிற கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதுவும் நாற்பது வயதுக்குமேல் கற்றது. ஓவர்சீயர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் எழுதி மாட்டிய பலகையை அவன்தான் படித்தான்.

"குழி ஒன்றுக்கு ஒரு செத்த ஆளை விட வேண்டும். செத்த ஆளை அளந்தே கூலி தரப்படும்."

கூடைகள் கீழே விழுந்தன.

"ஏரிக்குக் காவு கேக்கறாங்கடி!"

பாதிப்பேர் பாப்பாரப்பட்டிப் பாதையில் ஓடினார்கள்.

"ஒழுங்காப் படிடா!" என்றான் மேஸ்திரி.

மாதப்பன் எழுத்துக்கூட்டி, இன்னும் உரக்கப் படித்தான். மீதிப்பேரும் ஓடினார்கள்.

ஓவர்சீயர் தலையில் அடித்துக்கொண்டார். "எவ்வளவு ஆழம் வெட்டினீங்கன்னு அளக்க, குழி நடுவுல வெட்டாம விடற மண்ணுடா அது. இங்கிலீஷ்ல அதுக்கு டெட்மேன்னு பேரு!"

"மண்ணுன்னே எழுதியிருக்கலாமுங்களே?"

"நீயே எழுதித் தொலை."

மாதப்பன் 'ஆளை' அழித்துவிட்டு 'மண்ணை' என்று எழுதினான். ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள் தடியோடு வந்துவிட்டார்கள்.

"செத்த மண்ணுல கரை போட்டா தண்ணி நிக்குமாடா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'குழி ஒன்றுக்கு ஒரு திட்டு விட வேண்டும்' என்று எழுதினான்.

"அதுக்கு எதுக்குடா பலகை? நான்தான் தினமும் விடறேனே!" என்ற மேஸ்திரி, அன்றைக்கும் விட்டான். ஓடினவர்களின் முன்பணத்தையும் மாதப்பன் தலையில் ஏற்றினான். "உன் வாயாலதானே போனாங்க?"

புருஷனும் பெண்சாதியுமாக வெட்டினார்கள். நடுவில் திட்டு விட்டு, குழிக்கரையின் அடியைக் குடைந்துகொண்டே போனான் மாதப்பன்.

"கரை தொங்குதுங்க. முட்டுக் குடுக்க ரெண்டு ஆளு அனுப்புங்க."

"ஆளை வெரட்டினது யாரு?"

செல்லி கூழ் எடுத்துவரப் போயிருந்தபோது கரை சரிந்தது.

நிலத்துக்காரர்கள்தான் தோண்டினார்கள். மாதப்பனை வெளியே எடுத்துக் கிடத்தினார்கள். குழி மூடிப்போயிருந்தது. ஓவர்சீயர் கையில் டேப்போடு நின்றார்.

"திட்டு மண்ணுக்குள்ள போயிடுச்சே. அளக்காம கூலி எப்படி எழுதறது?"

மேஸ்திரி நோட்டில் மாதப்பன் பேரைக் குறுக்கே அடித்தான். "போகட்டும். அவன் கடன் தள்ளுபடி."

செல்லி கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். டேப்பைப் பார்த்தாள்.

"அளங்கய்யா. எங்க வூட்டுக்காரரு மொதல்ல படிச்சதுதான் சரி."