ஜுபைதா பீவி பேசாத காலை

விடிந்ததிலிருந்து ஜுபைதா பீவி ஒரு வார்த்தை பேசவில்லை. மேலப்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தே பழகியவள் அவள். அவள் ஏச்சு விழுந்தால்தான் புருஷன் மதாருக்குத் தறியில் கால் ஓடும். கோபம் வந்தால் முதலில் அவள் அகப்பை பேசும், அப்புறம் பானை சட்டி பேசும், கடைசியில் அவள் பேசுவாள். இன்று அகப்பைகூட வாயை மூடிக்கொண்டது.

வேறு நாளாக இருந்தால் மதார் ஆனந்தமாக நெய்துகொண்டிருப்பான். இன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளையின் தாயார் களக்காட்டிலிருந்து வருகிறாள். பெண்ணைப் பெற்றவள் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் வெற்றிலை மாற்றுவேன் என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மகள் சபீதா அடுத்த வீட்டில், மைதீன் பாத்திமா மாமி பொறுப்பில், தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி இப்படி உம்மென்று இருந்தால் சம்பந்தம் கையைவிட்டுப் போகும்.

மதார் தறிக்குழியை விட்டு மேலே ஏறினான்.

"ஏளா, ராத்திரி கொழம்புல உப்புக் கூடன்னு சொன்னதுக்கா இம்புட்டு? அது நல்ல கொழம்புதான். என் நாக்குதான் சரியில்ல."

ஜுபைதா இல்லையென்று தலையை ஆட்டினாள். தன் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

மதார் கணக்குப் போட்டான். வாயென்றால் சாப்பாடு. சாப்பாடென்றால் கந்தூரி விருந்து. தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"சரி, ஒத்துக்கிடுதேன். கந்தூரி வீட்டுல நெய்ச்சோறு தரலன்னு சொன்னது பொய்தான். சட்டி நெறையத் தந்தாவ. ஆத்தங்கரையில உக்காந்து நானே முடிச்சிட்டேன்."

ஜுபைதாவின் கண் விரிந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது மதாருக்குப் பிந்தித்தான் புரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி வாயைக் காட்டி, பிறகு வெற்றிலைப் பெட்டியைக் காட்டினாள்.

சோறு சின்னக் குற்றம், பெரிய குற்றம் பெட்டியில் இருக்கிறது என்று மதார் எடுத்துக்கொண்டான். அவள் வாப்பா சீராகக் கொடுத்த வெள்ளிச் சுண்ணாம்பு டப்பி ஒரு காலத்தில் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

"டப்பி ஆத்துல வழுக்கி விழுந்துட்டுன்னு சொன்னேம்லா, அது விழல. சேவக்காரன் அலி அக்பர்கிட்ட குடுத்து ஒரு சண்டைச் சேவல் வாங்கினேன். மொதச் சண்டையிலயே தோத்துட்டு." கொஞ்சம் தயங்கி, மனசாட்சிக்குப் பயந்து, அதையும் சொல்லிவிட்டான். "பெறகு அவன் வீட்டுலயே கறி வச்சோம். கறி நல்லாத்தான் இருந்துச்சு."

ஜுபைதாவின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. தொண்டையிலிருந்து ஏதோ உறுமல் வந்தது. எழுந்து நின்று, அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக் கையை வீசி வீசிக் காட்டினாள்.

மதார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இதுவுமா?

போன வருஷம் தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீட்டிப் போட்டிருந்த பாவு, நூலெல்லாம் அறுந்து பாழாய்ப் போனது. மாமியின் ஆடு மேய்ந்துவிட்டது என்று மதார் சொன்னான். அதை நம்பி ஜுபைதா மாமியைத் தெருவில் வைத்துக் கிழித்தாள். மாமி அந்த ஆட்டை விற்ற பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தது.

"ஆடு பாவம், வாயே வைக்கல. நான்தான் சுருட்டோட கண்ணசந்துட்டேன். நெருப்பு விழுந்துட்டு. இனிமே என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல, ஜுபைதா. எல்லாத்தையும் கக்கிட்டேன்."

ஜுபைதா அகப்பையைக் கையில் எடுத்தாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வெளியே நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது. அஸர் நெருங்கிக்கொண்டிருந்தது.

மதார் இரண்டு கையையும் ஏந்தி, தெருவுக்கே கேட்கும்படி துஆ கேட்டான். "யா அல்லாஹ், இவ என்னை அடிச்சாலும் சரி. அஸருக்குள்ள இவ வாயைத் தொறந்து வையி."

"ஆமீன்" என்று வாசலில் குரல் கேட்டது.

மைதீன் பாத்திமா மாமி கையில் தேங்காய்ச் சிரட்டையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. ஆட்டுக் கதை முழுக்கக் கேட்ட முகம் அது.

"ஒன் துஆ பலிச்சிட்டு, மதாரு" என்றாள் மாமி, சிரட்டையை ஜுபைதாவிடம் நீட்டியபடி. "விடியக்காலையில நான் மடிச்சுக் குடுத்த வெத்தலையில சுண்ணாம்பு கூடி இவ நாக்கு வெந்துட்டு, பாவம். இந்த நெய்யைத் தடவுனா கொஞ்ச நேரத்துல நல்லாப் பேசுவா."