கிரீஸ் அண்ணனின் வலது ஓரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் பொறுமையை முழுசாகத் தின்று ஏப்பம் விட்டவர் ஒரே ஒருவர்தான். எங்கள் இரும்புக் குழாய் ஆலையின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கிரீஸ் அண்ணன். நிஜப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அவர் தொட்ட மவுஸைத் துடைப்பதற்கென்றே என் மேசையில் ஒரு கந்தல் துணி இருந்தது.

குழாய் வெட்டும் மெஷினில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் விரல் நசுங்கியதில் ஆரம்பித்தது வினை. மெஷினைப் பார்த்துக்கொள்பவரே பாதுகாப்புக் கையேடு எழுதவேண்டும், அது வந்தபிறகுதான் மெஷின் ஓடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எழுதுவதற்கு ஒரு புது ஆப். சொல்லிக்கொடுக்க ஆபீஸ் அசிஸ்டென்டான நான்.

திரையைக் காட்டி விளக்கினேன். இடது பக்கம் அத்தியாயப் பட்டியல், நடுவில் எழுதும் தாள், வலது பக்கம் நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் குறிப்புகள். அழகாகத் தலையாட்டினார். பத்தே நிமிஷத்தில் பட்டியலைக் காணோம் என்று வந்து நின்றார். அதைத் திறந்துகொடுத்தால் குறிப்புகளைக் காணோம். தினமும் இதே கதை. ஒருநாள் எதையோ அழுத்தியதில் எல்லாம் மறைந்து, வெறும் வெள்ளைத்தாள் திரை முழுக்க நின்றது. மனிதர் நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார். மெஷின் தகராறு செய்தால் முதலில் கரண்டை நிறுத்தவேண்டுமாம். ஆபீஸ் மொத்தமும் இருட்டில் உட்கார்ந்திருக்க, அவர் கடமையைச் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார்.

எழுதியதை மட்டும் என்னிடம் காட்டவே மாட்டார். நான் எதையாவது திறந்துகொடுத்த உடனே திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, முடியட்டும் என்பார்.

கையேட்டைச் சோதித்து அனுமதி கொடுக்கப் பாதுகாப்பு அதிகாரி வரும் நாள் காலையில் அதை அச்செடுத்தேன். ஒன்பது தாளிலும் தலைப்பு மட்டும் இருந்தது. மீதியெல்லாம் வெள்ளை. பதறிப்போய் ஆப்பைத் திறந்தேன். வலது ஓரத்துக் குறிப்புப் பகுதியில், நாலு விரல் அகலத்தில், எறும்பு வரிசை மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது அவர் எழுத்து.

கத்திவிட்டேன். நடுவில் மைதானமே காலியாகக் கிடக்கும்போது எதற்காகச் சந்துக்குள் நுழைந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இருவது வருசமா லாக் புக்குல ஓரத்துல கீற ரிமார்க்ஸ் கட்டத்துலதான் எழுதிக்கினு கீறேன் தம்பி. நடுவுல என்ஜினியருங்கதான் எழுதுவாங்க. அவங்க எடத்துல நான் எப்டி எழுதறது?"

ஒவ்வொன்றாக நடுவுக்கு மாற்ற உட்கார்ந்தேன். அப்போதுதான் படித்தேன். பிளேடு நின்ற மாதிரி தெரியும், நம்பாதே. தூக்கம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் திட்டு வாங்கிக்கொள், திட்டு ஆறிவிடும். கையுறை கிழிந்திருந்தால் என் பெயரைச் சொல்லி ஸ்டோரில் கேள்.

சோதிக்க வந்தவர் இரண்டுமுறை படித்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. மத்தியானமே மெஷின் ஓடியது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கறை படாமல் எட்ட நின்று தாளைப் பார்த்தார்.

"நடுவுலயும் நல்லாத்தான் கீது," என்றார்.

அடுத்த மெஷினுக்கான கையேட்டை அவரே நடுவில் எழுதினார். ஒரு சந்தேகம்கூடக் கேட்டு வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் வேலை ஓடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.