ஆறு டயரையும் மாத்தணும்

"டயர் பட்டன் தேயாம அப்படியே இருக்கே தம்பி, இதை எதுக்கு மாத்துற?" என்று கேட்டார் டயர்க்கடை குரோவர்.

வண்டியைக் கொண்டுவந்தவன் பண்ணையின் புது டிரைவர் நஸாரியோ. மெக்சிகோவிலிருந்து இந்த டெக்சாஸ் பண்ணைக்கு வந்து மூன்றே வாரம். வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியும் போகும், அடுத்த பேருந்தில் ஊர் திரும்ப வேண்டியதுதான். போன மாதம் குதிரைகளோடு போகையில் பின்பக்கத்து உள் டயர் வெடித்தது. அன்றைக்கே பழைய டிரைவரைத் துரத்திவிட்டார் முதலாளி வெர்ன். "ஆறையும் மாத்திட்டு பன்னெண்டு மணிக்குள்ள வந்து நிக்கணும், குதிரைங்கள சந்தைக்கு ஏத்தணும்" என்று காலையில் உறுமியிருந்தார்.

"முதலாளி மாத்தச் சொன்னாரு, மாத்துங்கண்ணே."

"அவருக்குக் கண்ணு தெரியலையா?"

"அதை நான் எப்படிண்ணே அவருகிட்ட கேக்குறது?"

வரும் வழியில் காபி குடிக்க நின்றதுதான் தப்பு. உணவகத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் இந்த ஊர்ப் போலீஸ் தலைவர், ஷெரீஃப் பிரிட்ச். "ஊரு பிடிச்சிருக்கா தம்பி?" என்றுதான் கேட்டார். அனுமதிச்சீட்டு சட்டைப்பையில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதிக் காபியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நின்ற வண்டியில் ஏறிவிட்டான். கால் பெடலுக்கு எட்டவில்லை. பயத்தில் ஆளே சுருங்கிவிட்டோம் போல என்று நினைத்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"சாவி எங்க?" என்றார் குரோவர்.

"வண்டியிலயேதான் இருக்கு."

"அதானே, இந்த ஊர்ல எல்லார்கிட்டயும் இதே வண்டிதான், யாரு சாவிய எடுக்குறா!"

நஸாரியோ யோசித்தான். நல்ல டயரை வீணாக்கினாலும் திட்டு விழும். "அண்ணே, பின்னாடி வெளிப்பக்கம் ரெண்ட மட்டும் மாத்தினா போதுமா?"

குரோவர் கையிலிருந்த இரும்புத்தடியைக் கீழே வைத்தார். "பின்னாடி ரெட்டைச் சக்கரம் தம்பி. உள்ள ஒரு உசரம், வெளிய ஒரு உசரம்னா, உசரமான டயர் மேலதான் மொத்த பாரமும் விழும். சூடேறிப் படார்னு வெடிக்கும்."

அந்தப் 'படார்' நஸாரியோவின் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. "ஐயோ, சொன்னபடி ஆறையும் மாத்திடுங்க!"

"ரோட்டு டயரா, சேத்துல ஓடுற சேத்து டயரா?"

"எது நல்லது?"

"குதிரைப்பெட்டிய இழுக்குற வண்டிக்கு ரோட்டு டயர்தான். ஆனா எங்கிட்ட நாலுதான் இருக்கு. சேத்து டயர்னா ஆறு இருக்கு."

நாலு போட்டால் முதலாளி சொன்ன கணக்கு உதைக்கும். ஆறு போட்டால் டயர் உதைக்கும். வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டான்.

"முதலாளி, எந்த டயரு..."

"இப்ப வண்டியில என்ன இருக்கோ அதையே போடேன்டா! இதுக்கெல்லாமா போனு?" டொக்கென்று வைத்துவிட்டார்.

நஸாரியோ குனிந்து பார்த்தான். வண்டியில் இருந்தது சேத்து டயர். உயிர் வந்தது. "ஆறும் சேத்து டயரே போடுங்கண்ணே!"

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. உள் டயரில் காற்று இருக்கிறதா என்று தடியால் நாலு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். தார்ச்சாலையில் புது டயர் தேன்கூட்டைக் கலைத்ததுபோல் இரைந்தது. எதிரே ஒரு போலீஸ் கார் வந்தது. உள்ளே இருந்தவர் வண்டியைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

போலீஸ் தன்னைப் பிடித்தால் என்ன செய்வது என்று தினமும் யோசித்து வைத்திருந்தான். சல்யூட் அடித்தால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை. பயத்தில் வேகத்தைக் கூட்டினான்.

பண்ணை வாசலில் குதிரைப்பெட்டி தயாராக நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் செங்கல்லாகச் சிவந்தது.

"சேத்து டயரா? குதிரைப்பெட்டிய இழுக்குற வண்டிக்கு எவனாவது சேத்து டயர் போடுவானா?"

"நீங்கதானே முதலாளி, இருக்குறதையே போடச் சொன்னீங்க!"

"நம்ம வண்டியில என்னைக்குடா சேத்து டயர் இருந்துச்சு?"

பேருந்து நிலையம், தோளில் பை, வாசலில் நிற்கும் அம்மா, எல்லாம் நஸாரியோவின் கண்முன் வந்து போயின.

சத்தம் கேட்டு முதலாளியின் மனைவி டார்லா வெளியே வந்தாள். வண்டியை நிதானமாக ஒரு சுற்று சுற்றினாள். டயரை உதைத்துப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த நட்சத்திரம் குத்திய பெரிய தொப்பியைக் கையில் எடுத்தாள்.

"டயரெல்லாம் அருமையா இருக்கு நஸாரியோ. ஆனா ஷெரீஃப் வண்டிக்கு நாம எதுக்குப்பா டயர் மாத்திக் குடுக்கணும்?"