என் பெயரில் ஒரு கார்

மெல்பேர்ண்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து எழுதுவது.

காத்தான்குடியில் சாரன் கடையும் கண்ணியமுமாக வாழும் அன்பு மச்சான் முத்தலிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும், உங்கள் தங்கை றஸீனாவும், மகள் நிஸ்றாவின் குடும்பமும் அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சுகம். எங்களைவிடக் குளிர் நல்ல சுகமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், கடையில் வியாபாரம் கூடியிருக்கும் என்று நம்பி, ஐந்து நேரமும் துஆ செய்கிறேன்.

மச்சான், கதிரையில் நன்றாக இருந்துகொண்டு வாசியுங்கள். எனக்கு இங்கே ஒரு கார் இருக்கிறது. மருமகனுடைய கார் இல்லை, வாடகைக் கார் இல்லை. என் பெயரில், அப்துல் கபூர் என்று எழுதப்பட்ட, வெள்ளி நிற டொயோட்டா கொரோலா. பழையதுதான், ஆனால் என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

இதில் என்ன பெரிய புதினம் என்று மற்றவர்கள் கேட்கலாம், நீங்கள் கேட்க மாட்டீர்கள். நம்ம ஊரில் கலியாணம் முடித்து உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு என்ன இருந்தது? வீடு றஸீனாவின் பெயரில், வளவு றஸீனாவின் பெயரில், வளவில் நின்ற கோழிகளுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் அவள் கூப்பிட்டால்தான் வந்தன. இருபத்திரண்டு வருடம் பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கிய வான் உங்கள் பெயரில். நான் ஓட்டிக்கொண்டு வருவேன், சனம் "முத்தலிப்ட வான் வருகுது" என்று ஒதுங்கும். நான் குறை சொல்லவில்லை மச்சான், வாப்பா காலத்திலிருந்து உள்ள வழமைதானே. ஆனாலும் ஐம்பத்தொன்பது வயதில், மவுத்தாகுமுன் ஒரு பொருளிலாவது என் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அடையாள அட்டையில் மட்டும் பெயர் இருந்தால் போதுமா?

கார் பார்த்தது லேசாக முடிந்தது. அடுத்த தெருவில் ஒரு லெபனான்காரர், நம்மட ஆள், மகனோடு வேறு நகரத்துக்குப் போகிறார் என்று விற்றார். நான் பொனற்றைத் திறந்து, உங்கள் வானுக்குச் செய்வதுபோல காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. பழுதாக்கும் என்று பயந்துவிட்டேன். நல்ல எஞ்சின் அப்படித்தான் இருக்குமாம். உங்கள் வானை இருபத்திரண்டு வருடம் ஓட்டிய எனக்கு அது எப்படித் தெரியும்?

சோதனை தொடங்கியது காரைப் பதிவு செய்யப் போன அரசாங்கக் கந்தோரில்தான். நிஸ்றா கூட வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கருமபீடத்தில் இருந்த பெண்பிள்ளை என் பாஸ்போட்டைப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு என் பெயரும் இந்த ஊர் விலாசமும் சேர்ந்து இருக்கிற ஒரு காகிதம் கேட்டாள். கரண்ட் பில், தண்ணீர் பில், வீட்டு ஒப்பந்தம், ஏதாவது ஒன்று போதுமாம். நிஸ்றா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். ஏனென்றால் எட்டு மாதத்துக்கு முன் எங்களுக்கு வாடகைக்கு வீடு எடுக்கப் போனபோது, யாருடைய பெயரில் எழுதுவது என்று வீட்டு ஏஜென்ட் அம்மா கேட்க, நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னவன் நான்தான். "ஊடு எண்டா அது பொம்புளைட. ஆம்புளைட பேரில ஊடு எழுதினா எங்கட ஊரில சனம் சிரிக்கும்." நிஸ்றா அதை ஆங்கிலத்தில் சொன்னாளோ இல்லையோ, அந்த அம்மா எழும்பி நின்று, மற்றக் கதிரைகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். "வாப்பா, நீங்க பெரிய பெண்ணுரிமைக்காரர் எண்டு நினைக்கிறா" என்றாள் நிஸ்றா. "நினைக்கட்டும் மகள்" என்று தாடியைத் தடவிக்கொண்டேன். அந்தப் பெருமையில் கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாவற்றையும் றஸீனாவின் பெயரிலேயே எழுதச் சொல்லிவிட்டேன். இப்போது காகிதக் கணக்குப்படி இந்த நாட்டில் நான் எங்கேயும் இல்லை.

அப்போதுதான், ஊர் விலாசமாவது உதவாதா என்று, காரணம் சொல்லாமல் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்களும் பாவம், முழங்கால் வலியோடு நம்ம ஊர் விதானையாரின் கந்தோருக்குப் போய் வதிவிடக் கடிதம் எடுத்து அனுப்பினீர்கள். நன்றி மச்சான். ஆனால் அவர் "மேற்படி நபர் மனைவி றஸீனாவின் வீட்டில் வசித்து வந்தவர்" என்று எழுதியிருக்கிறார். நிஸ்றா மொழிபெயர்த்துக் காட்ட, கருமபீடத்துப் பெண்பிள்ளை, "அங்கேயுமா?" என்று கேட்டாளாம்.

மறுகா எனக்கொரு யோசனை வந்தது. இங்கே டிராமில் பயண அட்டையை மெஷினில் தட்டாமல் ஏறினால் பிடித்துப் பெயர் விலாசம் எழுதி, தண்டக் கடிதத்தை வீட்டுக்கே அனுப்புவார்களாம். அரசாங்கம் என் பெயருக்குக் கடிதம் போட்டால் அதைவிட அத்தாட்சி உண்டா? செவ்வாய்க்கிழமை டிக்கட் இல்லாமல் ஏறி, மூன்று தரம் முன்னும் பின்னும் போனேன். வாழ்க்கையில் ஒரு குற்றம் செய்யத் துணிந்த அன்று பிடிக்க ஆளில்லை. நாலாம் தரம் தலைப்பாகை கட்டிய ஒரு பரிசோதகர் வந்தார். எழும்பி அவரிடம் நானே போனேன். தெரிந்த ஆங்கிலத்தில், "சேர், டிக்கட் இல்லை, தயவுசெய்து தண்டம் எழுதுங்கள், பெயரில் பிழை விடாதீர்கள்" என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீடு, வளவு, வான் எல்லாம் சொல்லிவிட்டேன். மனிதர் கண்ணீர் வரச் சிரித்து, முதுகில் தட்டி, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தந்து, எப்படித் தட்டுவது என்றும் பழக்கிவிட்டு இறங்கிப் போனார். மனிசர் நல்லவராக இருப்பது சில நேரம் எவ்வளவு இடைஞ்சல் மச்சான்!

கடைசியில் அந்தப் பெண்பிள்ளையே வழி சொன்னாள். வீட்டு ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர், இவர் என்னோடுதான் வசிக்கிறார் என்று எழுதி, நேரில் வந்து கையொப்பமிட்டால் போதும். அதாவது உங்கள் தங்கை. அன்று பின்னேரம் நான் பிளேன்டீயை நானே ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"என்னண்டு எழுதணும்?" என்றாள்.

"நான் உன்ட ஊட்ட இரிக்கன் எண்டு எழுது புள்ள."

"எவ்வளவு காலமா எண்டும் எழுதணுமா?"

"ஓம்."

"முப்பத்தொரு வருசம் எண்டு எழுதட்டா?"

"இந்த ஊட்டுக்கு வந்து எட்டு மாசம்தானே?"

"எனக்கு முப்பத்தொண்டுதான் கணக்கு. நடத்தையைப் பற்றியும் எழுதணுமா?"

"வேணாம், வேணாம்."

"கேட்டா நல்லாயிரிக்கும். எழுத நிறைய இரிக்கி."

அடுத்த நாள் கந்தோரில் அந்தப் பெண்பிள்ளை கடிதத்தை வாசித்து, "இவர் உங்களோடுதான் வசிக்கிறாரா?" என்று கேட்டாள். உங்கள் தங்கை என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். செருப்பிலிருந்து திரும்பத் தலை வரை பார்த்தாள். எனக்கு வியர்த்தது. "உம்மா, ஓம் எண்டு சொல்லுங்க, பின்னுக்கு ஆக்கள் நிக்கிறாங்க" என்றாள் நிஸ்றா. "இரு மகள், யோசிக்கிறன்" என்றாள் இவள். யோசித்து முடித்து ஓம் என்றாள். அவ்வளவுதான், மச்சான். முத்திரை குத்தினார்கள்.

பதிவுக் காகிதம் நேற்றுத் தபாலில் வந்தது. உறையின் மேலே என் பெயர், கீழே இந்த வீட்டு விலாசம். நாலு தரம் வாசித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்தாம் தரம். றஸீனா, "என்ன, அழுறீங்களா?" என்று கேட்டாள், "குளிர்" என்றேன்.

ஆகவே இந்த விசயத்தைக் கடைக்கு வருகிற நம்ம ஆட்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள். மெல்லமாகச் சொல்ல வேண்டாம். ஓட்டமாவடியில் இருந்து துணி எடுக்க வருகிறவர்களிடமும் சொல்லலாம். ஊர் லைசன்சுக்கு இங்கே தவணை முடிந்துவிட்டதால் கார் இப்போது வாசலில்தான் நிற்கிறது, பின்னேரங்களில் நான் அதற்குள் போய் இருந்துவிட்டு வருவேன். திங்கட்கிழமை ஓட்டப் பரீட்சை. ஓட்டமாவடிப் பாலத்தில் மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஓடிய எனக்கு, ஆளில்லாத இந்த றோட்டு ஒரு பரீட்சையா?

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், சின்னவர்களுக்கு என் முத்தம், உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு துஆ. அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பறக்கத்தையும், என் காருக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்
அப்துல் கபூர்

பி.கு.: இன்று செவ்வாய்க்கிழமை. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று நிஸ்றாவின் காரில் நடந்த பரீட்சையில், பக்கத்தில் ஒரு அதிகாரி அம்மா இருந்தார். நம்ம ஊர் மெயின் றோட்டில் செய்வதுபோல மரியாதையாக ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தேன். "என்ன ஆபத்து?" என்று கேட்டார். "ஆபத்து வராமத்தான் அடிக்கிறன்" என்றேன். பதினொரு தரமாம், அவர் எண்ணியிருக்கிறார். நடுவில் ஒரு வயதானவருக்குக் கையெடுத்து ஸலாம் சொன்னதையும் எழுதிக்கொண்டார். பெயில். வாடிப்போய் வீட்டுக்கு வந்தால், உங்கள் தங்கை என் கார்ச் சாவியோடு வாசலில் நிற்கிறாள். நோன்பு முடிந்த நாளிலிருந்து, நான் ஞாயிறு தோறும் நித்திரை கொள்ளும் நேரத்தில் நிஸ்றாவின் காரில் பழகி, போன கிழமையே முதல் தரத்தில் பாஸாகிவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கல்லயே" என்றாள். இன்று காலை என்னை ஏற்றிக்கொண்டு மீன் வாங்கப் போனாள். இடப் பக்கத்துச் சீற்றில் இருந்தேன். ஒரு ஹோர்ன் இல்லை. "நிஸ்றாட வாப்பா, பெல்ட்டைப் போடுங்க" என்பதைத் தவிர வேறு சத்தமும் இல்லை. மெய்யாகவே நன்றாக ஓட்டுகிறாள் மச்சான். ஆனபடியால் கடையில் சொல்லும்போது ஒரு சின்னத் திருத்தம் செய்யுங்கள். அப்துல் கபூருக்கு அங்கே சொந்தப் பெயரில் கார் இருக்கிறது, அதை ஓட்ட ஆளும் வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். இரண்டும் உண்மை. ஆள் யார் என்று யாராவது கேட்டால் கடையைப் பூட்டிவிடுங்கள்.