வீதிக்கு அந்தப் பக்கம் வரி இல்லை

அன்பு மருமகன் றிஃபாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மகள் றிஃப்னாவுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. இங்கே நானும் உங்கள் மாமியும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கிறோம். அந்தக் குறையின்மை பற்றி முறையிடவே இதை எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பாததற்குக் காரணம், உங்கள் தொலைபேசியை றிஃப்னாவும் பார்ப்பாள். அவள் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் அவளுடைய உம்மாவுக்குத் தெரிந்துவிடும். விஷயமோ அவளுடைய உம்மாவின் தம்பி லத்தீபைப் பற்றியது.

கற்பிட்டி வீதிக்குக் களப்புப் பக்கம் என் வீடும் என் ஐஸ் தொழிற்சாலையும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நேர் எதிரே, கடல் பக்கம், லத்தீபின் வீடும் அவன் ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்த தென்னங்காணியும். இடையில் இருப்பது இருபது எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற தார். சென்ற வருடம், பின்தங்கிய பகுதிகளைத் தெரிவுசெய்து தொழில் தொடங்குவோருக்கு வரிச்சலுகை கொடுக்கப் போகிறார்கள் என்று, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியும் இரண்டு உதவியாளர்களும் ஒரு சாரதியும் படிவங்களோடு வந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் வரும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மாமி பளீலாவின் காதில் விழுந்தது, தூரத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள் என்பது மட்டுமே. பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி, ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டை இரவல் வாங்கினாள். கோழிப் புரியாணி, கத்தரிக்காய் மோஜு, அதன்மேல் வட்டலப்பம். சாப்பாடு பாயில்தான் என்றாலும் அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் எங்கே அமர்வது என்று யோசித்து, தம்பி வீட்டில் இருந்த கதிரைகள் அத்தனையையும் தூக்கி வரச் சொன்னாள். தூக்கி வந்தவர்கள் என்னுடைய தொழிலாளர்கள். சஹனுக்கு ஆள் குறைந்தபடியால் அவர்களில் ஒருவரும் எங்களோடு உட்கார்ந்தார்.

அதிகாரி கடமை தவறாதவர். வாயில் புரியாணியும் கையில் படிவமுமாகக் கேட்டார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்க?"

"அது வாற ஆக்களப் பொறுத்தது சேர். இன்னும் கொஞ்சம் போடட்டா?"

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு வீதியைக் கடந்து லத்தீபின் வீட்டுக்குப் போனார்கள். அவனுடைய மனைவி ஸுல்பிகா அன்று புத்தளத்தில் தாய்வீட்டில் இருந்தாள். தற்செயல் என்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. லத்தீப் தானே அடுப்பு மூட்டி, சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாமல், சீனியில்லாத பிளேன்டீ கொடுத்திருக்கிறான். "இரிக்கச் சொல்ல வீட்டுல ஒரு கதிரையும் இல்ல சேர்" என்றிருக்கிறான். பொய் இல்லை. கதிரைகள் எங்கே போயின என்று அவர்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெறும் கூடத்தில் நின்றபடி தேநீர் குடித்துவிட்டு அவர்கள் கண்கலங்கிப் போனதாகக் கேள்வி.

ஆறு மாதத்தில் அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்தது. வரிச்சலுகை வலயத்தின் எல்லை எங்கள் வீதி. கடல் பக்கம் பின்தங்கியது. களப்புப் பக்கத்தைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி: "மக்கள் நிறைவாக உண்கின்றனர், முதலாளியும் தொழிலாளியும் ஒரே தட்டில்." மருமகன், என் வாழ்நாளில் என்னைப் பற்றி அரசாங்கம் எழுதிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அது என்னை அழித்துக்கொண்டிருக்கிறது.

ஏழு வருடத்துக்கு வருமான வரி இல்லை, இயந்திரத்துக்கு இறக்குமதித் தீர்வை இல்லை என்றதும் லத்தீபுக்குள் உறங்கிய தொழிலதிபர் விழித்துக்கொண்டார். உலகத்தில் இருக்கிற தொழில்களில் அவன் தெரிவுசெய்தது ஐஸ். தென்னங்காணியில் நீல நிறத் தகரம் போட்டு, என் யன்னலைத் திறந்தால் முழுதாகத் தெரிகிற அளவில் பெயர்ப்பலகை வைத்தான். சலுகைக்கு ஒரு நிபந்தனை: இருபது பேருக்குப் புதிய வேலை கொடுக்க வேண்டும். அவன் பதினெட்டுப் பேரை வீதிக்கு இந்தப் பக்கம் வந்து எடுத்தான். என்னிடம் இருந்தவர்களே பதினெட்டுப் பேர்தான். பன்னிரண்டு வருடம் என் கவுண்டரில் ஐஸ் விற்ற தலவில ஊர் அனஸ்தாசியா மட்டும் நேரில் சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"முதலாளி, கோவிக்க வேணாம். இங்க நான் பழைய ஆள். அங்க போனா நான் புதிய வேலைவாய்ப்பு."

"பிள்ள, வேலை அதேதானே?"

"ஓம், அதே வேலைதான். ஐசும் அதே ஐஸ்தான். ஆனா அங்க என்னைய எண்ணுறாங்க."

இப்போது வறுமையிலிருந்து மீண்ட என் பதினெட்டுப் பேரும் காலையில் வீதியைக் கடந்து போகிறார்கள், மாலையில் கடந்து வருகிறார்கள். உடப்புப் படகுக்காரர்களின் வண்டிகள், முன்பு என் வாசலில் வரிசையாக நின்றவை, இப்போது என் வாசலைத் திரும்புவதற்கு மட்டும் பயன்படுத்துகின்றன. தீர்வையில்லாமல் வந்த இயந்திரத்தின் ஐஸ் விலைக்கு, தீர்வை கட்டிய இயந்திரத்தின் ஐஸை நான் எப்படிக் கொடுப்பேன்? திறப்பு விழாவில் லத்தீப் முழுக்கைச் சட்டையோடு பேசினான். இந்த மண்ணின் வறுமையைத் தான் சிறு வயது முதல் அறிந்தவன் என்றான். அவனுடைய சிறு வயது முழுக்க நான் பக்கத்தில் இருந்தேன். அவன் இரண்டு சைக்கிள் வைத்திருந்தான். உங்கள் மாமி முன்வரிசையில் இருந்து கைதட்டினாள். சத்தம் அதிகமாகக் கேட்கிறதே என்று பார்த்தால், நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ட தம்பி நல்லா இரிக்கிறது ஒங்களுக்கு ஏன் பொறுக்குதில்ல?" என்று அவள் கேட்கிறாள். பொறாமை என்று ஊரும் சொல்லக்கூடும். இது பொறாமை இல்லை. கொள்கை ரீதியான வேறுபாடு. பொறாமை என்றால் இரவில் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு எந்த நேரத்திலும் வருவதில்லை.

ஒன்றை மறைத்தால் பாவம். இருபதில் பதினெட்டு என்னுடையவர்கள் என்றால், மீதி இரண்டு பேர் உண்மையிலேயே புதியவர்கள். ஒருவர் சித்தி லெய்லா என்ற பெண். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, தாயின் இடுப்பில் வந்தவர். உலக்கை தூக்கும் வயதிலிருந்து வீடுவீடாக மிளகாய் இடித்தவர். அவருக்கு நியமனக் கடிதம் கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். என்னிடமும் கொண்டுவந்து காட்டினார். "என்ட பேர டைப் அடிச்சிரிக்கிறாங்க நானா, வாசிச்சுக் காட்டுங்க" என்றார். வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். ஒரு வலயம் முழுவதும் இப்படி இரண்டு பேருக்காக என்றால் ஒருவேளை சரிதானோ என்று தோன்றியது. கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து லத்தீபுடையது என்பதால் அந்த எண்ணம் நீடிக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள். எல்லையைக் களப்புப் பக்கம் ஐம்பது மீற்றர் தள்ளிவைக்க வேண்டும். நீங்கள் எல்லை போட்ட அந்தக் கொழும்புக் காரியாலயத்தில் நூலகப் பிரிவில் இருப்பதாக றிஃப்னா சொன்னாள். பிரிவு முக்கியமில்லை, கட்டடம் ஒன்றுதானே. மீண்டும் ஒருமுறை பார்வையிட அதிகாரிகளை அனுப்பச் சொல்லுங்கள். இம்முறை நான் ஆயத்தம். குளிரூட்டியைப் பாயால் மூடிவிட்டேன், வாசல் லைட்டைக் கழற்றிவிட்டேன். உங்கள் மாமியிடம்தான் பேச முடியவில்லை. "ஊட்டுக்கு வந்த மனிசருக்கு ஒண்டும் குடுக்காம அனுப்புறதுக்கு நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போகலாம்" என்கிறாள். எனவே அதிகாரிகளை றமழான் மாதத்தில், அதுவும் பகல் வேளையில் அனுப்பிவைக்கவும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னர் அவர்கள் கொழும்புப் பாதையில் பாலாவி தாண்டியிருப்பது நல்லது.

உங்கள் தொழிலில் பரக்கத்தும், உங்கள் வீட்டில் குழந்தைச் சத்தமும், உங்கள் மேலதிகாரிகளின் நெஞ்சில் இரக்கமும் உண்டாக வல்ல நாயன் அருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
ஹயாத்து முகம்மது
(களப்புப் பக்கம்)

பி.கு.: முந்தாநாள் இதை உறையில் போடும் நேரத்தில் லத்தீப் வந்தான். "மச்சான், தென்னங்காணியில பாதி சும்மாதானே கிடக்கு. ஒங்கட மெசினக் கொண்டாந்து அங்க வைங்க, ராத்தாட பேருல பதியலாம்" என்றான். நேற்று உங்கள் மாமியின் பேரில் பதிந்துவிட்டோம். சனிக்கிழமையிலிருந்து நானும் பின்தங்கிய பகுதியில் புதிய முதலீட்டாளர். எனவே மேலே எழுதியவற்றைக் கிழித்துவிடுங்கள். அதிகாரிகள் ஒருவரும் வர வேண்டாம். இன்னொன்று. களப்புப் பக்கத்தில் வெறுமையாகிவிட்ட என் கட்டடத்தை அனஸ்தாசியா வந்து சுற்றிப் பார்த்தாள், தன் தமையனுக்கு ஐஸ் போடும் யோசனை இருக்கிறதாம். நாளைக்கு எல்லையை அங்கேயும் நீட்டிவிட்டால் நாட்டின் வரி வருமானம் என்னாவது? எல்லை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முடிந்தால் வீதியைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லுங்கள்.