மருமோனுக்குப் பசிக்காத விண்டர்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வான் வண்டிக்குள் இருந்தது மூன்று பேர்: றோல்ஸ் அண்ணை, வீட்டுக்கார அன்ரி, நான். பக்கத்து அறைக் கஜன் இல்லை, அவன் வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போயிருந்தான். வீட்டுக்குள் இருந்தது மருமோன் மட்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டு வாசலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மூன்று பேர் ஏன் ஒளிந்திருந்தோம் என்று சொல்ல, முதலில் றோல்ஸ் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஸ்காபரோவில் றோல்ஸ் அண்ணையின் வாசலை மிதித்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பினவர் ஒருவரும் இல்லை. மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் மட்டன் றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு மீற்றரைப் பார்க்காமலே போனார். வானுக்குப் பார்க்கிங் டிக்கெட் எழுத வந்தவர் ஒரு கையில் றோல்ஸை வைத்துக்கொண்டு மறு கையால் எழுதினார். டிக்கெட்டைக் கிழித்தெறியவில்லை, ஆனால் அடுத்த கிழமையும் அந்த வழியாக வந்தார்.

பிறந்தநாளுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டுக்கும் ஓடருக்கு இறைச்சி வைத்து றோல்ஸ் சுற்றிப் பொரித்துக் கொடுப்பதுதான் அண்ணையின் தொழில். வோபர்ன் பக்கம் இருந்த அந்த வீட்டில் அன்ரி மேல்தளத்தில் இருந்தார். கீழே பேஸ்மன்ற்றில் ஆளுக்கொரு அறையில் அண்ணை, கஜன், நான். அண்ணை யாரையும் சுகம் விசாரித்ததில்லை. "சாப்பிட்டாச்சோ?" என்பார். ஓம் என்று சொன்னால் விசாரணை தொடங்கும்.

"என்னத்தைச் சாப்பிட்டனி?"

"சான்ட்விச் அண்ணை."

"அது சாப்பாடில்லையடா, கடுதாசி. இரு."

'போதும்' என்ற சொல்லை அவர் 'வெட்கப்படுகிறான், இன்னும் இரண்டு போடு' என்றுதான் விளங்கிக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம்தான் கஜன் தன் பாம்பை விட்டுவிட்டுப் போனான். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. விஷமில்லை. "ஜஸ்ட் விண்டர் முடியுமட்டும் அண்ணை, சூப்பர் ஈஸி. கிழமைக்கு ஒரு ஐஸ் எலி. சுடுதண்ணியில இளக்கி இடுக்கியால குடுங்கோ, தட்ஸ் இற்."

கஜன் வைத்த பெயர் பிஸ்கற். அண்ணை அதை ஏற்கவில்லை. "சாப்பாட்டுச் சாமானின்ர பேரை உயிருள்ளதுக்கு வைக்கக்கூடாது" என்றார், ஊர் முழுக்க றோல்ஸ் என்று கூப்பிடுகிற மனிதர். "வீட்டுக்கு வந்து, ஒரு வேலையும் செய்யாமல், சுருண்டு படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் பார்த்திருக்கிறது ஆர்? மருமோன்தானே!" அண்ணைக்கு மகள் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பாம்பு மருமோன். 'அது' போய் 'அவர்' ஆகிவிட்டது.

மருமோன் முதல் எலியை ஒழுங்காக விழுங்கினார். அடுத்ததை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணையின் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் அவர் கொடுத்ததை வேண்டாம் என்றார்.

பிறகு வீடு வீடாக இல்லை. அண்ணை காலையில் எலி காட்டினார், மத்தியானம் காட்டினார், பின்னேரம் பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்டார். "ஒரு வாய், மாமாவுக்காக." எலிக்குக் கொஞ்சம் மிளகுத்தூள் தடவினால் என்ன என்று யோசித்தபோது நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பழைய இறைச்சித் தராசை மருமோனுக்கென்றே ஒதுக்கி அவரை அடிக்கடி நிறுத்துப் பார்த்தார். முள் ஒவ்வொரு தடவையும் கீழேதான் போனது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பத் தொடங்கியது.

"படிச்ச பெடியன் நீதானே, சொல்லன், என்ன வருத்தம்?" எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடந்து போன முதல் ஆள் நான். படித்தது கணக்கியல். ஆனால் அந்த வீட்டில் பட்டம் என்றால் பாம்பு வைத்தியமும் அதற்குள் அடக்கம்.

அன்ரியிடம் தயாராகப் பதில் இருந்தது. "நாவூறு! ஓடருக்கு வாறதுகள் எல்லாம் பார்த்து வாய் வச்சதுகள்." செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டார். புகை எச்சரிக்கை மணி கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் பனிக்குள் ஓடி வந்தார்கள். நாங்கள் இருமினோம். மருமோன் பந்தாகச் சுருண்டவர் இரண்டு நாள் தலையை வெளியே எடுக்கவில்லை.

செய்தி பரவியது. வருத்தக்காரனைப் பார்க்கப் போவது எங்களுடைய சனத்துக்குக் கடமை. வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒரு குடும்பம் ஒரு பை அப்பிளோடு வந்து பெட்டியைச் சுற்றி நின்று, "நல்லா மெலிஞ்சிட்டார்" என்று தலையாட்டியது. வந்தவர்களுக்கெல்லாம் அண்ணை றோல்ஸ் கொடுத்தார். தான் மட்டும் தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் சாப்பிடேல்லையே?"

"பொறுப்பெடுத்த பிள்ளை அங்க பட்டினி கிடக்கேக்க எனக்கு எப்பிடியடா இறங்கும்? கஜன் வந்து கேட்டால் என்னெண்டு சொல்லுவன்?"

அந்தக் கிழமை ஒரு சாமத்தியவீட்டு ஓடருக்கு உப்புப் போட மறந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்டரை நானே தேடிப் பிடித்தேன்.

மருமோனைத் தலையணை உறைக்குள் விட்டு, அண்ணை தன் ஜக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். டொக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார், செதிலைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். நோய் ஒன்றும் இல்லை என்றார். விண்டரில் ஆண் பாம்புகள் இப்படிச் சாப்பாட்டை விடுவதுண்டு, ஆனால் இவ்வளவு மெலிவது நல்லதல்ல. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன்.

"எத்தனை தரம் கொடுக்கிறீர்கள்?"

"மூண்டு நேரமும்" என்றார் அண்ணை பெருமையோடு.

"சாப்பிடாவிட்டால்?"

"திரும்பக் கேட்பன்."

"பார்க்க ஆட்கள் வருவார்களா?"

"கடவுளே எண்டு, ஒரு நாளும் ஆள் இல்லாமல் இருந்ததில்லை."

டொக்டரம்மா பேனையை வைத்துவிட்டார். பெட்டியின் மூன்று பக்கமும் மூடுங்கள், ஒளிந்துகொள்ள இறுக்கமான ஒரு குகை வையுங்கள், தொடவேண்டாம், நிறுப்பதையும் குறையுங்கள். ஒரு கிழமை கழித்து எலியை உள்ளே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுங்கள் என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "சாப்பாட்டை வச்சிட்டுக் கேளாமல் போறதோ? வடிவாக் கேட்டனியோடா? மருந்து ஒண்டும் தரேல்லையோ?"

"இதுதான் மருந்தாம் அண்ணை."

"நாய்க்குக்கூட நான் அப்பிடி வச்சதில்லை" என்றார்.

முதல் கிழமை மருந்து வேலை செய்யவில்லை. அண்ணை எலியை வைத்தார், அறைக்கு வெளியே வந்தார், கதவுக்குப் பின்னால் நின்று, "வெக்கப்படாமல் சாப்பிடும், என்ன" என்றார். அடுத்த கிழமை அன்ரி முடிவெடுத்தார். "இந்த மனுசன் வீட்டுக்குள்ள இருக்குமட்டும் அது வாய் திறக்காது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ."

அப்படித்தான் வானுக்குள் வந்தோம். அன்ரி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அண்ணை பேஸ்மன்ற் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் கதவுப் பிடியில் கை வைத்தார். இரண்டு தரமும் அன்ரி ஜக்கற்றைப் பிடித்து இழுத்தார்.

"ஒருக்காப் பார்த்திட்டு ஓடியாறன் அன்ரி."

"இரும்! உம்மட முகத்தைப் பார்த்தாலே அதுக்கு வயிறு நிரம்புது."

இருட்டத் தொடங்கியபின் இறங்கினோம். அண்ணை சப்பாத்தைக் கழற்றிப் பூனை மாதிரிப் படியிறங்கினார். எலி வைத்த இடம் வெறுமையாக இருந்தது. குகை வாசலில் தெரிந்த மருமோனின் நடு உடம்பில், தடிப்பாக ஒரு சாப்பாடு.

அண்ணை துள்ளவில்லை. கடைசிப் படியில் போய் இருந்தார். "சாப்பிட்டிட்டார்" என்றார், காதுக்குள் சொல்வது மாதிரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோசத்தில் பெட்டிப் பக்கம் திரும்பி, "இன்னொண்டு..." என்று தொடங்கினார். நான் அவர் வாயைப் பொத்தினேன். அன்ரி தட்டோடு றோல்ஸ் கொண்டுவந்து நீட்டினார். அண்ணை எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிடச் சொல்லி ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பனி உருகியதும் கஜன் வந்து கொழுத்த மருமோனைக் கூட்டிக்கொண்டு போனான். நானும் வேலை கிடைத்து வேறு இடத்துக்கு மாறிவிட்டேன். இப்போது நான் போனால் அண்ணை தட்டை முன்னால் வைத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் எழும்பி அறைக்குள் போய்விடுகிறார். கதவு மட்டும் ஒரு விரலளவு திறந்திருக்கும். அதற்குள் ஒரு கண் தெரியும். அந்தக் கண்ணுக்காகவே நான் பசிக்காத நாளிலும் சத்தமாகக் கேட்பேன்: "அண்ணை, இன்னொண்டு இருக்கோ?"

டொக்டர், குகை, பெட்டி மூடின துணி, வரி எல்லாம் சேர்த்து அந்த விண்டர் எங்களுக்கு வைத்த செலவு இருநூற்று எண்பத்தாறு டொலர். என் பங்கை நீட்டினபோது அண்ணை வாங்கவில்லை. மூன்று றோல்ஸைத் தட்டில் வைத்து, அதைத் தின்று கழிக்கச் சொன்னார். இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறேன்.