பந்தானந்த சுவாமிகளின் வேகக் கருவி

கியூபெக்கில், பியர்பொன்ட்ஸ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கார் நிறுத்த இடமில்லை. புரோசார்டிலிருந்து பாலம் கடந்து வந்திருந்தார்கள். கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்திருந்தார்கள். டொரொன்டோவிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. வழியில் வேனின் சில்லு காற்றுப் போனதையும் சுவாமியின் சோதனை என்றே அதில் வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பிள்ளை, ஒரு பேஸ்பால், ஒரு தேசிக்காய். நானும் போயிருந்தேன். பக்தியால் அல்ல. பன்னிரண்டு மணிக்கு மோதகம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எல்லாரும் தேடி வந்தது ஸ்ரீலஸ்ரீ பந்தானந்த சுவாமிகளை. பேஸ்பாலில் பந்து எறிகிறவரைப் பிச்சர் என்பார்கள். பிச்சராக வர விரும்பும் பிள்ளையின் கையைச் சுவாமி தொட்டு மந்திரம் சொன்னால், பந்தின் வேகம் அந்த இடத்திலேயே கூடிவிடும். கூடியதைப் பெரிய மின்பலகையில் எண்ணாகவே பார்க்கலாம். பழைய முனிவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை, பாவம்.

சுவாமியின் பூர்வாசிரமப் பெயர் இரவிச்சந்திரன். அவர் உண்மையிலேயே தொழில்முறைப் பிச்சராக இருந்தவர். இதில் பொய்யில்லை. அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன லீக்குகளில் இரண்டு வருடங்களில் மூன்று அணிகள். மொத்தம் ஒரே ஒரு வெற்றி. அதுவும் இடையில் மழை வந்து ஆட்டத்தை நிறுத்தியதால். கடைசி ஆட்டத்தில் அவர் எறிந்த முதல் பந்து மட்டைக்காரரின் முழங்காலில் பட்டது. இரண்டாவது நடுவரின் வயிற்றில் பட்டது. மூன்றாவது, பார்வையாளர்களுக்கு நடுவே பியர் விற்றுக்கொண்டிருந்தவரின் தட்டில் விழுந்தது. நான்காவது பந்தை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அணி அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியது. பிறகு காப்புறுதி விற்றார், வீடு விற்றார், ஒன்றும் சரிவரவில்லை. தாடி வளர்த்தார். சரிவந்துவிட்டது.

சடங்கு எளிமையானது. போக்குவரத்துப் பொலிஸார் வைத்திருப்பார்களே, வேகம் பார்க்கும் துப்பாக்கி, அதைச் சிவப்புப் பட்டால் சுற்றி, சந்தனம் பூசி, சுவாமி கையில் வைத்திருப்பார். பிள்ளை முதலில் மந்திரம் இல்லாமல் எறியும். பலகையில் ஒரு எண் வரும். பிறகு சுவாமி கண்ணை மூடி, பட்டுக்குள் விரல்களை அசைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். பிள்ளை மறுபடி எறியும். எண் எகிறும். சனம் "அரோகரா!" என்று கத்தும். எறிகிற பிள்ளை மட்டும் பலகையைப் பார்க்கக்கூடாது. தன் கண்ணே தனக்குப் பட்டுவிடுமாம். பிள்ளைகளுக்குப் பேஸ்பால் தெரியும், பெற்றோருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும் என்பதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் கவனம் மோதகத்தில் இருந்தது.

அன்று வரிசையில் முதலில் நின்றவள் புஷ்பராணி. ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவள். காலை ஏழு மணிப் பூசைக்குத் தேவாலயம் போய்விட்டு நேரே சுவாமியிடம் வந்திருந்தாள். கையிருப்பில் ஒரு கடவுள் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே. பதினான்கு வயது மகள் வித்தியா பிச்சர். மூன்று கிழமையில் மாகாண அணிக்குத் தேர்வு. அதில் எடுபட்டால் நாளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம், இலவசப் படிப்பு என்று புஷ்பராணி கணக்குப் போட்டிருந்தாள். ஒரே ஒரு சிக்கல், ஒரு மாதமாக வித்தியாவின் முழங்கை வீங்கியிருந்தது.

வித்தியா எறிந்தாள். பலகையில் ஐம்பத்திரண்டு. சுவாமி முணுமுணுத்தார். மறுபடி எறிந்தாள். எண்பத்துநான்கு!

"அரோகரா!"

வித்தியா முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். "அம்மா, நோகுது. வ்ரேமான், உண்மையா நோகுது."

"நோகத்தான் வேணும் பிள்ளை," என்றார் சுவாமி. "கண்ணூறு கழியுது. நாளையில இருந்து ஒரு நாளைக்கு நூறு பந்து எறியுங்கோ. எவ்வளவு நோகுதோ அவ்வளவு கழியும்."

"செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டப் போக இருந்தனாங்கள் சாமி," என்றாள் புஷ்பராணி.

"ஐயோ தங்கச்சி! அங்க எக்ஸ்-றே படம் எடுப்பாங்கள். படம் எடுத்தால் என்ர சக்தி முழுக்கப் படத்துக்குள்ள போயிடும்."

கியூபெக்கில் வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் கிடைப்பதுதான் உண்மையான அற்புதம். அதை ஒரு மாதமாகத் தினமும் தொலைபேசி எடுத்துப் பெற்ற புஷ்பராணி, ரத்துச் செய்யச் சொல்லித் தகவல் விடுவதற்காகக் கைத்தொலைபேசியை எடுத்தாள். எனக்கு அது பிழை என்று பட்டது. ஆனாலும் மோதகத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே.

புஷ்பராணியின் கணவன் செபமாலை பஸ் ஓட்டுநர். இருபது வருடமாக இதே பக்கத்தில் ஓடுகிறவர். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பிள்ளைக்கு முப்பது, நாற்பத்தெட்டு. அதற்கடுத்த பிள்ளைக்கு நாற்பது, அறுபத்துநான்கு. செபமாலை போய்த் தன் காருக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் வேகமானியை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். இறங்கி வந்தவர் சுவாமியின் முன்னால் கைகூப்பினார்.

"சாமி, என்ர காரும் கொஞ்ச நாளா இழுக்குதில்லை. அதுக்கும் ஒருக்கா மந்திரம் சொல்லுவியளோ?"

சனம் சிரித்தது. சுவாமிக்கோ சந்தோசம். பந்திலிருந்து வாகனத்துக்குத் தொழில் விரியப் போகிறது!

"அதுக்கென்ன அண்ணை. வாகனமும் ஒரு சீவன்தானே."

"நான் இந்த றோட்டால வாறன். முதல் மந்திரம் இல்லாமல். பேந்து மந்திரத்தோட."

பூங்காவை ஒட்டிய தெருவில் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அதனால் நகரசபை அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறது. வருகிற காரின் வேகத்தை எண்ணாகக் காட்டி, கூடப்போனால் முகம் சுளிக்கும் பலகை. செபமாலை மனைவியிடம், "புஷ்பம், நீ சாமியின்ர போர்டைப் பார்க்காத. றோட்டில நிக்கிற போர்டை மட்டும் பார்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

முதல் முறை வந்தார். சுவாமியின் பலகையில் இருபத்தைந்து. சுவாமி கண்ணை மூடினார், பட்டுக்குள் விரல் அசைந்தது, முணுமுணுத்தார். செபமாலை சுற்றிக்கொண்டு இரண்டாம் முறை வந்தார். நாற்பது!

"அரோகரா!" டொரொன்டோ வேன்காரர்கள் தங்கள் வேனை வரிசையில் கொண்டுவர ஓடினார்கள்.

செபமாலை இறங்கி வந்தார். "புஷ்பம், றோட்டுப் போர்ட் என்ன காட்டினது?"

"நாற்பது."

"முதல் முறை?"

"அதுவும் நாற்பதுதான்." சொல்லிவிட்டுப் புஷ்பராணி வாயைப் பொத்தினாள்.

"நான் ரெண்டு முறையும் ஒரே வேகத்திலதான் வந்தனான். நகரசபைப் போர்டுக்கு ரெண்டும் ஒண்டு. சாமியின்ர போர்டுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

சுவாமிக்குக் கோபம் வந்தது. "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? தெய்வத்திட்டக் கேள்வியோ? கேள்வி கேட்டால் குடும்பத்துக்கே ஆகாது!"

"நான் உங்களிட்டத்தான் கேக்கிறன். தெய்வம் பற்றறி போட்டு வேலை செய்யிறதில்லை."

இதற்குள் வித்தியா நோகாத கையை நீட்டிச் சிவப்புப் பட்டை ஒரே இழுவையில் இழுத்துவிட்டாள். சந்தனம் தெறித்தது. துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான். மேலே தள்ளினால் மைல், கீழே தள்ளினால் கிலோமீட்டர். மந்திரம் அவ்வளவுதான்.

செபமாலை எல்லாரையும் காருக்குப் பக்கத்தில் கூட்டிவந்து காட்டினார். வேகமானியில் வெளி வட்டம் கிலோமீட்டர், உள் வட்டம் மைல். நாற்பதுக்கு நேரே இருபத்தைந்து. எண்பத்துநான்குக்கு நேரே ஐம்பத்திரண்டு. சுவாமியின் அற்புதம் முழுவதும் அங்கே அச்சடித்திருந்தது. இந்த நாட்டில் தெருவைக் கிலோமீட்டரில் அளப்பார்கள், ஆளைப் பவுண்டில் நிறுப்பார்கள், பேஸ்பாலை மைலில் எறிவார்கள். இரவிச்சந்திரன் பிச்சராக இருந்து கற்றுக்கொண்ட ஒரே விசயம் அதுதான் போலும். அன்று காலை கார் ஓட்டி வந்த அத்தனை பேரும் அப்படியொரு வேகமானியைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள். நானும்தான். வெட்கமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது சுவாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாகனத் தரிப்பிடம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். யாரோ கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து அவர் முதுகுக்குப் பிடித்தார்கள். பன்னிரண்டு. வித்தியா பொத்தானைத் தள்ளினாள். பத்தொன்பது. அவருடைய விளையாட்டு வாழ்க்கையிலேயே அவர் காட்டிய சிறந்த வேகம் அதுவாகத்தான் இருக்கும்.

சனம் திருந்தியது என்று நினைக்கவேண்டாம். மோதகம் இனி இல்லையா என்று இருபது பேர் கேட்டார்கள். அவர்களில் நான் முதலாவது. டொரொன்டோ வேன்காரர்களில் ஒருவர், "மெசின்தானே பொய், சாமி உண்மையா இருக்கலாமே" என்று வாதாடினார். அடுத்த கிழமையே புரோசார்டில் ஒருவர் ஹொக்கி மட்டைக்கு மந்திரித்த நூல் கட்டத் தொடங்கிவிட்டாராம். கூட்டம் நல்லதாம்.

நல்ல காலம், புஷ்பராணி ரத்துச் செய்யும் தகவலை விட்டிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வித்தியாவுக்குப் படம் எடுத்தார்கள். வளர்கிற எலும்பின் நுனி விலகத் தொடங்கியிருந்தது. மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. இந்த முறை தேர்வு இல்லை. சுவாமி சொன்ன நூறு பந்தை எறிந்திருந்தால் எந்த முறையும் இருந்திராது. புஷ்பராணி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினாள். இது எந்த எலும்பு? ஏன் விலகினது? மற்றக் கை எப்படி இருக்கும்? மூன்று மாதம் எண்டு எப்படித் தெரியும்? வைத்தியர் மற்றக் கையின் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். புஷ்பராணி பதினொரு கேள்வி கேட்டாளாம். வெளியே வரிசை நீண்டதாம். வைத்தியருக்குக் கோபம் வரவில்லையாம்.

ஆகவே, ஐயாமாரே, அம்மாமாரே, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போங்கள். பிள்ளையின் கையைக் கொடுக்கும் முன்னால் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொன்னால் இருங்கள். சாபம் போட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மைலிலோ கிலோமீட்டரிலோ!